மேளம் வேண்டும், மேளக்காரர் வேண்டாமா?

இந்த வாரத் தியானப் பகுதி: நெகேமியா 13:10-11, யாக்கோபு 2:1-4





அறுப்பின் பண்டிகை நெருங்கி வருகிறது. மஞ்சளும் வாழைத்தாரும் தேங்காய்க் குலையும் நாட்டுக்கோழியும் ஆலயத்திற்கு வந்து சேரும் நாள் அது. அதற்கான ஏற்பாடுகளைப் பேசுவதற்காகச் சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் பின் கமிட்டி கூடியது. ஏலம், பந்தல், விருந்து ஆகிய மூன்றும் கால் மணி நேரத்தில் முடிந்தன. ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டது ஒரே கேள்விதான்: சென்ற ஆண்டைப் போல இவ்வாண்டும் பவனிக்குத் தப்பட்டைக் குழுவை அழைப்பதா, வேண்டாமா?

முடிவு எட்டப்படவில்லை. தலைமையில் அமர்ந்திருந்த நான், ஜெபத்தோடு சிந்திப்போம் என்று கூறிக் கூட்டத்தை முடித்தேன். போதகர்கள் தம் கருத்தைச் சொல்ல அஞ்சும்போது எடுத்துக்கொள்ளும் வாக்கியம் அது. ஆயினும் இந்த வாரம் உண்மையாகவே ஜெபித்தேன்; சிந்தித்தேன். இனியும் மௌனமாயிருந்தால் நான் உங்களுக்கு உண்மையுள்ளவனாக இரேன். ஆகையால் எழுதுகிறேன். சிலருக்கு இது கசக்கும். பொறுமையோடு இறுதிவரை வாசிக்கும்படி வேண்டுகிறேன்.

கமிட்டியில் ஒலித்த கருத்துகள் மூன்று. பறை என்று நூல்களும், தப்பட்டை என்று நம் ஊர்களும் அழைக்கும் அந்தக் கருவி கோயில் நோன்பிலும் இழவு வீட்டிலும் அடிக்கப்படுவது. தேவனுடைய ஆலயத்திற்கு ஆகாது என்பது முதற்கருத்து. அது நம் மண்ணின் இசை. ஆர்கனும் கிதாரும் அந்நியம். தப்பட்டையே வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது கருத்தை ஒருவர் மட்டுமே, அதுவும் கதவருகே நின்றுகொண்டு, மிகச் சுருக்கமாகச் சொன்னார். அதை இறுதியில் எடுத்துக்கொள்கிறேன்.

முதற்கருத்தைச் சொன்னவர்கள் விசுவாசத்தில் எனக்கு மூத்தவர்கள். அவர்களுடைய பக்திவைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களுடைய வாதத்தை வேதம் ஆதரிக்கவில்லை என்பதைப் பணிவோடு சொல்லுகிறேன். தானியேல் 3-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நேபுகாத்நேச்சார் நிறுத்திய பொற்சிலைக்கு முன் எல்லாரும் பணிந்துகொள்வதற்கு அடையாளமாக ஒலித்த வாத்தியங்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. நம் தமிழ் வேதாகமத்தில் எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு ஆகிய நான்கும் அப்பட்டியலில் உள்ளன. இப்போது 150-ஆம் சங்கீதத்தைத் திறவுங்கள். கர்த்தரைத் துதிக்க வேண்டிய வாத்தியங்களாக அதே நான்கும் அங்கே நிற்கின்றன. விக்கிரகத்தின் முன் ஒலித்ததால் அவை தீட்டுப்பட்டிருந்தால், சங்கீதப் புத்தகத்தின் கடைசி அழைப்பில் அவற்றுக்கு இடம் இருந்திராது.

இழவு வீட்டுக் கருவி என்பது அடுத்த குற்றச்சாட்டு. யவீருவின் வீட்டில் குழல் ஊதினவர்களை ஆண்டவர் விலகச் சொன்னார் என்று மத்தேயு 9-ஐ ஒரு மூப்பர் எடுத்துக்காட்டினார். உண்மைதான். அங்கே மரித்துப்போனதாக எண்ணப்பட்ட சிறுபெண் எழுந்திருக்கப் போகிறாள். ஆகவே ஒப்பாரிக்கு வேலையில்லை. அதனால் குழல் சபிக்கப்பட்டதாகுமா? இரண்டே அதிகாரங்களுக்குப் பின், சந்தைவெளியில் குழல் ஊதி விளையாடும் பிள்ளைகளையே ஆண்டவர் தம் உவமைக்கு எடுத்துக்கொள்கிறார். மரண வீட்டில் ஒலிப்பது ஒரு குற்றமானால், அடக்க ஆராதனையில் நாம் பாடும் கீர்த்தனைகளை அடுத்த ஞாயிறு பாடக் கூடாதே!

ஆர்கனின் கதையையும் கேளுங்கள். கிறிஸ்துவுக்கு முன் 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சந்திரியாவில் உருவான அக்கருவி, ரோமரின் ஆட்டக்களங்களில், மனிதரை மனிதர் வெட்டி வீழ்த்தும் விளையாட்டுகளுக்கு இசையாக ஒலித்தது. திருச்சபைக்குள் அது வந்து சேர்ந்தது பல நூற்றாண்டுகளுக்குப் பின்புதான். வந்தபின்னும் எல்லாச் சபையாரும் அதை ஏற்கவில்லை. 1807-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள புனித அந்திரேயா ஆலயத்தில் போதகர் வில்லியம் ரிட்சி ஆராதனையில் ஆர்கன் வாசிக்கச் செய்தபோது, அங்கிருந்த மூப்பர் மன்றம் அதைத் தடைசெய்தது. வாத்தியம் இல்லாமல் சங்கீதங்களை மட்டுமே பாடிவந்த ஸ்காட்லாந்துச் சபையார் ஆர்கனுக்குச் 'சீழ்க்கைப் பெட்டி' என்று ஏளனப் பெயர் வைத்திருந்தார்கள். அவர்களும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எதிர்த்தார்கள். 1860-களில் எடின்பரோவின் கிரேஃப்ரையர்ஸ் ஆலயத்தில் போதகர் ராபர்ட் லீ முதலில் ஆர்மோனியத்தையும் பிறகு ஆர்கனையும் கொண்டுவந்தபோதும் பெரும் சர்ச்சை எழுந்தது. இன்று பரிசுத்தத்தின் குரலாகவே நாம் எண்ணும் கருவி அது. அதைக் காட்டித்தான் தப்பட்டையைத் தள்ளுகிறோம்.

சரி, கருவியின் பூர்வீகம்தான் உண்மையான தடையா? நம்மையே சோதித்துப் பார்ப்போம். சென்ற கிறிஸ்துமஸ் விழாவில் நம் சபைப் பெண்கள் கும்மியடித்தார்கள். எவ்வளவு அழகாயிருந்தது! கொங்கு நாட்டின் வள்ளி கும்மி, முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாடி ஆடும் கலை. கோவை மாவட்டத்தில் அதைப் பலருக்கும் கற்பித்த முதியவர் பத்திரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். கோயில் கலை என்று சொல்லி நம் பெண்களின் கும்மியை யாரும் தடுக்கவில்லை. நம் பிள்ளைகளின் திருமண வரவேற்புகளில் நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கின்றன. அதையும் யாரும் தடுக்கவில்லை.

தோல் கருவி என்பதுதான் தடையா? பாடகர் குழுவில் மிருதங்கம் இருக்கிறது. பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்கள் சேர்ந்தே மிருதங்கம் உருவாகிறது. அதைச் செய்து கொடுக்கும் கைவினைஞர்களைப் பற்றி இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு நூல் வெளியிட்டார். 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்பது அதன் பெயர். பெயரே சொல்லும்: தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்பவர்களுள் பலர் நம்மைப் போலக் கிறிஸ்துவின் நாமத்தைத் தரித்தவர்கள், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர்கள். அவர்கள் செய்த கருவி சபாக்களின் மேடையில் ஏறியது. அவர்கள் ஏறினார்களா என்பதுதான் அந்நூல் கேட்கும் கேள்வி.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. நம் ஆலயத்தில் உள்ள கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தப்பட்டைத் தாளம் வருகிறது. கடந்த மூன்று ஆண்டுகளாகத் துள்ளலான பாடல்களுக்கு அந்தத் தாளத்தைத்தான் வாசிக்கிறோம். நீங்களும் கைதட்டிப் பாடுகிறீர்கள். இதுவரை ஒருவரும் என்னிடம் வந்து, ஐயா, இது இழவு வீட்டுச் சத்தம் என்று முறையிட்டதில்லை. அப்படியானால் நமக்குச் சத்தத்தின்மேல் வெறுப்பில்லை. தோலின்மேலும் வெறுப்பில்லை, கோயில் தொடர்பும் நம்மைத் தடுக்கவில்லை. எஞ்சியிருப்பது ஒன்றே. அதை வாசிக்கும் மனிதர் உயிரோடு நம் நடுவில் வந்து நிற்பதுதான் நமக்குச் சங்கடமாயிருக்கிறது.

நம் பகுதியில் தப்பட்டை அடிப்பவர்களில் பெரும்பாலோர் அருந்ததிய மக்கள். இந்தச் சொல் கமிட்டியில் ஒன்றரை மணி நேரத்தில் ஒருமுறைகூட உச்சரிக்கப்படவில்லை. ஆலயத்தின் மரியாதை, ஒழுங்கு, பண்பாடு, சாட்சி என்று எத்தனையோ சொற்களைப் பயன்படுத்தினோம். சாதி என்ற சொல்லை மட்டும் எல்லாரும் கவனமாகச் சுற்றிக்கொண்டு போனோம். நானும் போனேன்.

இப்போது இரண்டாவது கருத்தினருக்கு வருகிறேன். முதற்பகுதியை வாசித்து நீங்கள் மகிழ்ந்திருப்பீர்கள். உங்களிடமும் எனக்குக் கேள்வி உண்டு. மண்ணின் இசை என்று முழங்குகிறீர்கள். சென்ற ஆண்டுப் பவனியில் நால்வர் வந்து வாசித்தார்கள். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சியும் மறு கையில் குட்டைக் குச்சியுமாக, வெயிலில் இரண்டு மணி நேரம் அடித்தார்கள். நீங்கள் ஆடினீர்கள், கைப்பேசியில் படம் எடுத்தீர்கள், அன்று மாலையே அது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. பவனி ஆலய வாசலை அடைந்ததும் மேளம் நின்றது. காணிக்கைப் பொருள்களோடு நாம் உள்ளே போனோம். அவர்கள் எங்கே போனார்கள் என்று உங்களில் எவரேனும் திரும்பிப் பார்த்தீர்களா?

நான் பார்த்தேன். ஆராதனை முடிந்து அன்பின் விருந்துக்கு எல்லாரும் கூடத்தில் வாழை இலையின் முன் அமர்ந்திருந்தபோது, அந்த நால்வரும் வெளியே வேப்பமரத்தடியில் காகிதத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் அருகே போய், உள்ளே வாருங்கள் என்றேன். மூத்தவர் எழுந்து நின்று, "இருக்கட்டுங்க ஐயா, நாங்க இங்கயே உக்காந்துக்கறோமுங்க. பழக்கந்தானுங்க" என்றார். அவருடைய கழுத்தில் ஒரு சிலுவை தொங்கியது. விசாரித்தேன். பக்கத்து ஊர்ச் சபையில் திருமுழுக்குப் பெற்றுத் திடப்படுத்தலும் பெற்றவர். நம்மைப் போலவே அப்பத்திலும் பாத்திரத்திலும் பங்குள்ளவர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துக்கொண்டே அவருடைய தோளைத் தட்டிவிட்டு, உள்ளே போய் என் இலையில் அமர்ந்து சாப்பிட்டேன். கீபோர்டு வாசித்த தம்பிக்குக் கொடுத்த தொகையில் பாதிகூட அந்த நால்வருக்கும் சேர்த்துக் கொடுக்கப்படவில்லை என்பது கணக்கு நோட்டைப் பார்த்தபோது தெரிந்தது. அந்தக் கணக்கில் நான்தான் கையெழுத்திட்டேன். ஆகவே மற்றவர்மேல் கல்லெறிவதற்காக இதை எழுதவில்லை. முதற்கல் என்மேல் விழவேண்டியது.

நெகேமியா 13-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வாசித்தபோது இதுதான் என்னைக் குத்தியது. நெகேமியா எருசலேமுக்குத் திரும்பி வந்து பார்க்கிறான். லேவியருக்கும் பாடகருக்கும் சேரவேண்டிய பங்கு கொடுக்கப்படவில்லை. அவர்கள் தங்கள் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டார்கள். உடனே அவன் அதிகாரிகளை அழைத்துக் கடிந்துகொள்கிறான். அவனுடைய கண்டனம் தேவாலயம் கைவிடப்பட்டதைப் பற்றியது. கவனியுங்கள்: பாடகனுக்குப் பங்கு கொடாமல் விடுவதை ஆலயத்தையே கைவிடுவதாக வேதம் எண்ணுகிறது. நம் பாட்டுகளின் இரைச்சலை விலக்கச் சொல்லி, நியாயம் தண்ணீரைப்போல் ஓடவேண்டும் என்று கர்த்தர் கேட்பதை ஆமோஸ் 5-இல் வாசிக்கிறோம். மேளம் மட்டும் வேண்டும், மேளக்காரர் வேப்பமரத்தடியில் இருக்கட்டும் என்றால், முதற்கருத்தினரைவிட நீங்கள் எவ்விதத்தில் மேலானவர்கள்? அவர்கள் வாசலிலேயே நிறுத்துகிறார்கள். நீங்கள் வேலை வாங்கிக்கொண்டு நிறுத்துகிறீர்கள்.

இது புதிய நோய் அன்று. தமிழ்த் திருச்சபை பெற்ற ஈடற்ற கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). தமிழ்க் கீர்த்தனைகள் ஆராதனைக்கு ஆகாது என்று கருதிய மிஷனெரிமாரை எதிர்த்து அவர் நம் இசைக்காகப் போராடினார். அந்தப் போராட்டத்தின் கனியை இன்றும் நாம் உண்கிறோம். ஆனால் சாதி வேற்றுமையின்றி எல்லாரும் சேர்ந்து அமரவேண்டும் என்று அதே மிஷனெரிமார் வற்புறுத்தியபோது, 1820-களின் இறுதியில் அதை எதிர்த்தும் அவர் எழுதினார். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன், திருச்சபைக்குள் சாதியை அடியோடு விட்டொழிக்க வேண்டும் என்று கடிதம் எழுதியபோது, சபையை விட்டுப் போனவர்களும் உண்டு. மண்ணின் இசையை நேசிப்பதும் அந்த மண்ணில் குனிந்து நிற்கும் சகோதரனை நேசிப்பதும் தாமாகவே ஒன்றாகிவிடுவதில்லை. நம் பெரும்புலவரே இதற்குச் சாட்சி.

இனி மூன்றாவது கருத்து. கதவருகே நின்றபடி நம் சபையின் ஒரு சகோதரர் சொன்னது இதுதான்: "எங்கப்பா விட்ட தப்பட்டையை நான் ஏன் மறுபடியும் பாக்கோணும்?" கமிட்டியில் சிலர் சிரித்தார்கள். அதுவே அன்று பேசப்பட்டவற்றுள் மிகக் கனமான சொல். சாவுச் செய்தி சொல்லவும் சவத்துக்கு முன் அடிக்கவும் ஒரு சமூகத்தின்மேல் சுமத்தப்பட்ட கடமையின் கருவியாக அது இருந்தது. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட நாளில் பலர் அதைக் கீழே வைத்தார்கள். இனி ஊர் ஏவினால் அடிக்கமாட்டோம் என்றார்கள். அந்த மறுப்பு அவர்களுடைய விடுதலைப் பயணம். அதைக் கலை தெரியாதவரின் அறியாமை என்று எண்ண நமக்கு உரிமையில்லை.

வேறு சிலர் அதே கருவியை நிமிர்ந்து நின்று கையில் எடுத்தார்கள். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய போதகர் தியாபிலஸ் அப்பாவு (1940–2005), 'பரட்டை' என்று அறியப்பட்டவர், நாட்டுப்புற இசையில் ஆராதனை முறைமையே அமைத்தார். அவருடைய இறையியலின் நடுவில் இருந்தது 'ஒரே உலை': எல்லாரும் ஒரே பானையில் சமைத்துப் பகிர்ந்து உண்பது. இசையையும் பந்தியையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. திண்டுக்கல்லில் கத்தோலிக்கத் துறவி சகோதரி சந்திரா நடத்தும் சக்தி கலைக்குழுவில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள் தலைநிமிர்ந்து பறை அடிக்கிறார்கள். அலங்காநல்லூரின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

விட்டவர் சரியா, எடுத்தவர் சரியா? ஸ்காட்லாந்திலிருந்து இன்னொரு செய்தி இங்கே உதவும். அந்நாட்டின் ஸ்கை தீவில் டொனால்டு மன்றோ என்ற பார்வையற்ற பிடில் கலைஞர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனந்திரும்பினார். பிடிலை விட்டு உபதேசியாரானார். அது அவருக்கும் கர்த்தருக்கும் இடையிலுள்ள காரியம். நாம் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. தீவாரின் பிடில்களையும் பைப்புகளையும் சேர்த்துவரச் செய்து தீக்கிரையாக்கினார் என்று அத்தீவின் வரலாறு சொல்கிறது. அருகிலுள்ள எய்க் தீவில், போதகரின் கண்டனத்துக்கு உட்பட்டுத் தன் பிடிலை அற்ப விலைக்கு விற்க நேர்ந்த முதியவர் ஒருவர் அந்தத் துயரிலிருந்து மீளவே இல்லை என்பதை, அலெக்சாண்டர் கார்மைக்கேல் 1900-இல் வெளியிட்ட தம் தொகுப்பில் பதிவுசெய்திருக்கிறார். அந்தத் தீவுகளின் இசையைக் கேட்கவே இன்று உலகெங்குமிருந்து மக்கள் போகிறார்கள்.

தன் கருவியைத் தானே விடுவது சுயாதீனம். மற்றவனுடைய கருவியைப் பிடுங்குவது அதிகாரம். விட்டவனை மறுபடியும் அடிக்கச் சொல்வதும் அதே அதிகாரந்தான். அடிப்பதா, விடுவதா என்று தீர்மானிக்க வேண்டியவர் அதைக் கையில் ஏந்தியவர். நாமோ அவரைக் கேட்காமலே ஒன்றரை மணி நேரம் அவரைப் பற்றி விவாதித்தோம்.

ஆகையால் அடுத்த கமிட்டியில் நான் முன்வைக்கப்போவதை இப்போதே உங்களுக்கு அறிவிக்கிறேன். முதலாவது, அந்த நால்வரிடமும் நானே நேரில் போய்ச் சென்ற ஆண்டுக்காக மன்னிப்புக் கேட்பேன். இவ்வாண்டு வர விருப்பமா என்றும் கேட்பேன். விருப்பமில்லை என்றால் மேளமில்லாமல் பவனி போகும். இரண்டாவது, வந்தால் மற்ற வாத்தியக்காரருக்குக் கொடுக்கும் அதே சம்பளம் தலைக்குத் தலை கொடுக்கப்படும். மூன்றாவது, பவனி முடிந்ததும் அவர்கள் நம்மோடு ஆலயத்துக்குள் வந்து, முன்வரிசையில் அமர்வார்கள். நான்காவது, விருந்தில் அதே கூடத்தில் அதே இலை. என்னுடைய இலை அவர்களுடைய இலைக்குப் பக்கத்தில் இருக்கும். இந்த நான்கையும் ஏற்க இயலாது என்று சபை முடிவுசெய்தால், தப்பட்டையை அழைக்க வேண்டாம் என்றே நானும் சொல்வேன். அப்போது அது பரிசுத்தத்துக்காக எடுத்த முடிவு என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதிருங்கள்.

லூக்கா 15-இல் தகப்பன் வீட்டிலிருந்து கீதவாத்தியமும் நடனக்களிப்பும் கேட்கின்றன. மூத்தகுமாரன் வெளியே நின்றுவிடுகிறான். அவனுக்கு இசையோடு பகையில்லை. யாருக்காக அந்த இசை என்பதுதான் அவன் கோபம். உள்ளே போனால் தம்பியோடு ஒரே பந்தியில் உட்காரவேண்டும். தகப்பன் வெளியே வந்து அவனையும் வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்று ஆண்டவர் சொல்லாமலே நிறுத்திவிட்டார். நம் அறுப்பின் பண்டிகையன்று நாம் சொல்லவேண்டிய பதில் அது.

ஜெபிப்போம். பரலோகப் பிதாவே, உம்முடைய பிள்ளைகளின் கை உழைப்பை வாங்கிக்கொண்டு அவர்கள் முகத்தைப் பாராமல் போன எங்களை மன்னியும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்த எங்கள் சகோதரரிடத்தில் நீர் உட்கார்ந்திருந்ததை நாங்கள் காணவில்லை. எங்கள் பந்தியைத் திருத்தும். அதன்பின் எங்கள் துதியை ஏற்றுக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்